கன்றுக்குட்டி எப்படி உள்ளே போனது?

என் மகள் மீரா போகும் கிண்டர்கார்டனில் ஒரு துணிப் பொம்மை இருக்கிறது. பெண் பொம்மை. வயிற்றில் நான்கு பித்தான்கள். அவற்றைக் கழற்றினால் உள்ளே ஒரு குட்டிப் பொம்மை, தலைகீழாக, ஒரு கயிற்றோடு. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் அதை வெளியே எடுப்பதும் உள்ளே வைத்துப் பித்தான் போடுவதுமாக விளையாடுகிறார்கள். மார்ட்டின் என்ற பையன் ஒருநாள் குட்டிப் பொம்மைக்குப் பதிலாக ஒரு மரக் காரை உள்ளே வைத்துப் பித்தானைப் போட்டுவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. ஆசிரியை ஃப்ராவ் பெக்கர் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கார் எப்படி உள்ளே வளரும் என்று யோசித்துப் பார்க்கும்படி பொறுமையாகச் சொன்னாராம். மீரா இதைச் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், பானை கை நழுவப் பார்த்தது. ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடமாகிறது. பனி பழகிவிட்டது, கறுப்பு ரொட்டி பழகிவிட்டது, ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரி முறைப்பதுகூடப் பழகிவிட்டது. இந்தப் பித்தான் வயிறு மட்டும் இன்னும் பழகவில்லை.

இந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்கு ஒன்றும் பெரிய மதிப்பு கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் படத்தில்தான் தெரியும். போன வசந்தத்தில் பிள்ளைகளைப் பவுர்ன்ஹோஃப் ஒன்றுக்கு, அதாவது ஒரு மாட்டுப் பண்ணைக்கு, அழைத்துப் போனார்கள். துணைக்குத் தாய்மார்களும் போனோம். எல்லோர் காலிலும் புது ரப்பர் பூட்ஸ். மாட்டுக்கு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, அது ஒரு காட்டு மிருகம் என்பதுபோல் பார்த்தார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தாய், இது வருடம் முழுவதும் பால் கொடுக்குமா என்று பண்ணைக்காரரைக் கேட்டாள். கன்று போட்டால்தான் பால் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே பெண்ணிடம் கெபேர்முட்டர், அதாவது கருப்பை, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், சுவரில் படம் வரைந்தே காட்டுவாள்.

அந்தப் பண்ணையில் வைத்துத்தான் ஃப்ராவ் பெக்கர் என்னிடம், உங்கள் நாட்டில் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார். "எங்கள் வீட்டிலேயே மாடு இருந்தது" என்றேன். கண்ணால் பார்த்து வளர்ந்தோம் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவரோ நெஞ்சில் கை வைத்து, "ஆமாம், உங்களுக்கு மாடு தெய்வம் அல்லவா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மீராவுக்கு மாடு கன்று போடும் படத்தைக் காட்டுவது உங்கள் மதத்துக்கு விரோதமா என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரவாயில்லை, காட்டுங்கள் என்றேன். என் பெருந்தன்மைக்கு அவர் இரண்டு முறை நன்றி சொன்னார். அன்றிலிருந்து மாட்டுப் படம் வரும்போதெல்லாம் என் மகளைப் பக்தியோடு ஒரு பார்வை பார்க்கிறார்களாம்.

இனி எங்கள் ஆட்களுக்கு வருகிறேன். அவர்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். ஏரிப் பாசனம், நெல், கொஞ்சம் வேர்க்கடலை, வீட்டுக்கு நாலு மாடு. அங்கே வளரும் பிள்ளைக்குத் துணிப் பொம்மை எதற்கு? நாய் நடுத்தெருவில், சேவல் குப்பைமேட்டில், கிடா கொட்டகையில், எல்லாம் பட்டப்பகலில் எங்கள் கண்ணெதிரேதான். பெரியவர்கள் நாயைக் கல்லால் அடிப்பார்கள். ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டால் அடுத்த கல் நமக்கு. மாடு கன்று போட்டதும் விழும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகுமாம். மரம் முழுக்க மூட்டைகள் தொங்கும், வெயில் ஏறினால் நாற்றம் பள்ளிக்கூடம் வரை வரும். தினமும் அதன் அடியில்தான் நடந்து போனோம். மூட்டைக்குள் என்ன என்று கேட்டால், "அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு?" என்பார்கள். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே எங்கள் ஊரில் பல தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டார்கள்.

கஸ்தூரி என் பெரியப்பா மகள். என்னைவிட ஏழு மாதம் மூத்தவள், ஒரே வகுப்பு, அதனால் அக்கா என்று நான் கூப்பிட்டதில்லை. ஒரே வேலிக்குள் அடுத்தடுத்த வீடு எங்களுடையது. கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. உத்திரமேரூர் கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை அடைக்கோழிக்கு அடியில் வைத்தால் ஏன் பொரிக்கவில்லை? பல்லிக்கு வால் திரும்ப வளர்கிறதே, கரும்பாலையில் மாமாவுக்குப் போன விரல் ஏன் வளரவில்லை? எட்டாம் வகுப்பில் தவளைப் பாடம் நடந்தது. பெண் தவளை முட்டையிடும், முட்டை தலைப்பிரட்டையாகும் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டு போனார். கஸ்தூரி எழுந்து, "ஆண் தவளை இன்னா சார் பண்ணும்?" என்று கேட்டாள். "அது சும்மா கீது, நீ குந்து" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார். பட்டம் வாங்கிய மனிதர். அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருந்தது என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாமலே வருடம் முடிந்தது.

எங்கள் வீட்டில் லட்சுமி என்று ஒரு பசு. பசு விடாமல் கத்தினால் காளைக்குக் கொண்டுபோவதுதான் அதுவரை வழக்கம். அந்த வருடம், மாட்டாஸ்பத்திரியில் சீமை இனக் கன்றுக்கு ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் அப்பா அதை உத்திரமேரூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். சில மாதத்தில் லட்சுமிக்கு வயிறு தெரிந்தது. ஒருநாள் காலையில் என் அம்மா கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நானும் கஸ்தூரியும் கூடைகளோடு நின்றோம்.

"சித்தி, லட்சுமி வயித்துல கன்னு எப்டி வந்துச்சு?" என்றாள் கஸ்தூரி.

"டாக்டரு ஊசி போட்டாரு. வந்துச்சு."

"மனுசங்களுக்கு?"

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "எல்லாத்துக்கும் அதான். வாயப் பாத்துக்கினு நிக்காத, சாணிய அள்ளு."

நாங்கள் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் சின்ன அத்தை அதற்கு முன்பு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள், சில மாதத்தில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது, அதை நாங்களே பார்த்திருந்தோம். பொய்யைச் சொன்னவள் என் அம்மா, அதற்குச் சாட்சியைத் தேடிப் பிடித்தவர்கள் நாங்கள்.

அதே வருடம் கஸ்தூரி பெரியவளானாள். பச்சை ஓலைக் குடிசை, புட்டு, பதினாறாம் நாள் பந்தல், ரேடியோ செட். நடந்தது என்ன என்று ஊருக்கெல்லாம் குழாய் கட்டி அறிவித்தார்கள், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. குடிசைக்குள் உட்கார்ந்திருந்தவளை நான் ஓலை இடுக்கு வழியாகக் கேட்டேன். "எங்கியோ அடிபட்டிருக்கு போல, காயம் எங்கன்னு தெரியல" என்றாள். பதின்மூன்று வயது. பெரியப்பாவுக்கு அவள் படிப்பில் கொஞ்சம் பெருமை இருந்ததால் சடங்கு முடிந்து திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எங்கள் தெருவில் அது அப்போது பெரிய விஷயம்தான், அவருக்கு அந்தப் பேரை நான் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குக் காலரா ஊசி போட வந்தார்கள். நான் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். கஸ்தூரி போட்டுக்கொண்டு வந்தாள். கை வீங்கியது, சுரம் அடித்தது, இரண்டு நாள் வாந்தி. காலரா ஊசி போட்டால் எல்லோருக்கும் வருவதுதான். அவளோ பெரியவளான பிறகு இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை என்பதையும் இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்த வயதில் முன்னே பின்னே ஆகும் என்று சொல்ல ஒரு வாய் அந்த வீட்டில் இல்லை. மூன்றாம் நாள் பெரியம்மாவிடம் போய், "அம்மா, எனக்கு வயித்துல கொயந்த கீதும்மா" என்று சொல்லிவிட்டாள். பயந்து சொல்லவில்லை. லட்சுமிக்கு வைக்கிற மாதிரி தனக்கும் புண்ணாக்குக் கரைத்து வைப்பார்களா என்று முந்தின நாள்தான் என்னைக் கேட்டுச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயெல்லாம் கசக்கிறது. பெரியப்பா, என் அப்பா, இரண்டு மாமாக்கள் எல்லோரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். "யாரு? சொல்லு, யாரு?" இதே கேள்விதான் திரும்பத் திரும்ப. "ஊசி போட வந்தாங்களே, அவங்கதான். எல்லாரும் வரிசையா நின்னோம்" என்றாள் கஸ்தூரி. "யாரக் காப்பாத்த இந்தக் கதை?" என்று ஒரு மாமா கையை ஓங்கினார். அப்போதுதான் அவள் சொன்னாள், "ஊசி போட்டா கொயந்த வரும்னு சித்திதான் சொன்னாங்க. கேட்டுப் பாருங்க."

எங்கள் வீடுகளில் கணவனின் அண்ணன் இருக்கும் இடத்தில் பெண்கள் எதிரே நிற்க மாட்டார்கள். என் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பெரியப்பாவோடு அவள் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். ஆமாம், நான்தான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கூடமே சிரித்துக் கலைந்திருக்கும். ஆனால் மூத்தவர் முன்னால், இந்த மாதிரி விஷயத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசினேன் என்று எப்படி ஒப்புக்கொள்வது? மானம் போய்விடாதா? "ஐயோ, நான் எதுக்கு அதெல்லாம் பேசப்போறேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றது கதவு. நான் அம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன். அவள் விரல்கள் என் கையைக் கிள்ளிப் பிடித்திருந்தன. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அடிபட்டுவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மருத்துவச்சியை அழைத்து வந்து நாடி பிடிக்கச் சொன்னார்கள். "ஒண்ணும் இல்ல, போங்கய்யா" என்றாள் அவள். நம்பவில்லை. பத்து நாள் கழித்துக் கஸ்தூரிக்கு வரவேண்டியது வந்தது. அப்போதாவது சிரித்திருக்கலாம், அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். மாட்டார்கள். பேச்சு வெளியே போய்விட்டதாம். பள்ளிக்கூடம் நின்றது. அடுத்த வருடம் திருமுக்கூடல் பக்கம் பன்னிரண்டு வயது மூத்த ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டிக் கொடுக்கும் நாள்வரையிலும் யாரும் அவளுக்கு எதையும் சொல்லவில்லை என்று பின்னால் ஒருமுறை அவளே சொன்னாள். பொய்யைத் தாங்களே சொல்லி, அதைப் பிள்ளை திருப்பிச் சொன்னபோது தங்கள் பொய் என்று அடையாளம் தெரியாமல் பிள்ளைக்கே தண்டனை கொடுத்த கூட்டம் அது. இவர்களுடைய கௌரவத்தைத்தான் நம் ஊரில் எல்லோரும் மெச்சிக்கொள்கிறார்கள்.

நான் படித்தேன். காஞ்சிபுரத்தில் கல்லூரி, அதுவும் விலங்கியல். தவளையை அறுத்து, ஆண் தவளை சும்மா இல்லை என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் வாங்கினேன். பல்சக்கரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மனைவியாகி ஜெர்மனிக்கு வந்தேன். மீரா பிறந்தாள். என் மகளிடம் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன், அதை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறேன். போன கோடையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். என்னைப் பார்க்கக் கஸ்தூரியும் திருமுக்கூடலிலிருந்து வந்திருந்தாள், பன்னிரண்டு வயது மகள் அமுதாவோடு. மூன்று பிள்ளை பெற்று ஒடுங்கியிருந்தாள். அமுதாவோ அச்சாகப் பழைய கஸ்தூரி. வந்த அரை மணி நேரத்தில் விமானத்தில் கழிப்பறைத் தண்ணீர் எங்கே விழும் என்று என்னைக் கேட்டுவிட்டது.

வந்த இரண்டாம் நாள் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் ஒரு மாடு கன்று போட்டது. எல்லோரும் நின்று பார்த்தோம். மூக்கைப் பொத்தாமல், பயப்படாமல், மீரா முன்னால் போய் நின்றாள். கன்றின் கால்கள் வெளியே வந்ததும், "அம்மா, கன்னுக்குட்டி உள்ள எப்படிப் போச்சு?" என்று உரக்கக் கேட்டாள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா இருமினார். என் அம்மா முந்திக்கொண்டு, "சாமி வெச்சாரு கண்ணு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து மீராவிடம் சொன்னேன், காளை, விந்து, கருமுட்டை, கருப்பை, ஒன்பது மாதம், எதையும் விடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு திரும்ப மாட்டைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு இன்னா சித்தி சொன்னீங்க?" என்றாள் அமுதா.

"ஒண்ணுமில்ல. கிட்டப் போகாத, முட்டும்னு சொன்னேன்."

யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகவே சொல்லிவிட்டது. அம்மாவின் மகள்தானே. கஸ்தூரி என்னைப் பார்த்தாள், நான் இந்த முறை கன்றைப் பார்த்தேன்.

அன்று மாலை கிணற்றடியில் அவள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "வயசுக்கு வர இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது எம்பொண்ணு. எனுக்கு நடந்தது அதுக்கு நடக்கக்கூடாது. நான் பெத்தது மூணு, ஆனா எடுத்துச் சொல்ல வாய் வர்ல. நீ படிச்சவ, நீ சொல்லுடி" என்றாள். சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு நான்கு நாள் அங்கே இருந்தேன். அமுதா என் பின்னாலேயே சுற்றியது. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன். பாடப்புத்தகச் சொற்களை எடுத்தால் அவை அந்தப் பிள்ளைக்குப் புரியாது. புரிகிற சொற்களை எடுத்தால் அவை எல்லாம் தெருச்சண்டையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு சொல்பவை. நடுவில் ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கூடத்தில் பெரியப்பா இருக்கிறாரே, அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்றுதான் இருந்தேன். கடைசியில் அமுதாவுக்குப் பன்னிரண்டு கலர் பென்சில்களும் ஒரு சாக்லேட் பெட்டியும் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரி வேறு என்ன கொடுப்பாள்?

பஸ் ஏற்றிவிடக் கஸ்தூரி வந்தாள். கோபம் எதுவும் இல்லை. "உனுக்கும் வாய் வர்ல இல்ல?" என்றாள், விசாரிப்பதுபோல. பஸ் புறப்பட்டது. என் அம்மாவை இத்தனை வருடம் நான் எந்த உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேனோ அதிலிருந்து இறங்க எனக்குச் செங்கல்பட்டு வருவதற்குள் நேரம் போதவில்லை.

இங்கே திரும்பி வந்த மாதத்தில் கிண்டர்கார்டனில் பெற்றோர் கூட்டம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெரிய தாளில் படுக்கவைத்து, சுற்றிலும் கோடு போட்டு, அந்த உருவத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஜெர்மன் பெயர், அதன் கீழே ஒரு காலி இடம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் அங்கே தங்கள் மொழிப் பெயரை எழுத வேண்டுமாம். பேனாவை வாங்கி மீராவின் தாளில் எழுதினேன். தலை, கண், மூக்கு, தோள், கை, வயிறு. தொடை, முழங்கால், பாதம். நடுவில் இரண்டு மூன்று அம்புகளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினேன். பக்கத்தில் துருக்கிக்காரத் தாய் கொஞ்சம் சிவந்துகொண்டே எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தாள்.

ஃப்ராவ் பெக்கர் என் பக்கம் வந்து, காலி இடங்களை ஆர்வத்தோடு பார்த்தார். "உங்கள் மொழியில் இவற்றுக்குச் சொற்களே கிடையாதா?" என்று கேட்டார்.

"கிடையாது" என்றேன்.

மீரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். உடனே மார்ட்டினிடம் ஓடிப்போய், தமிழில் அதெல்லாம் கிடையாது என்று ஜெர்மனில் விளக்கிச் சொல்லத் தொடங்கினாள்.